ஹெரால்டின் பின்பக்கம்: பட்டையும் புஷ்ஷும் உப்புக்காற்றும்

பின் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மட்டும் மொட்டையாகியிருந்தன. வெளி ஓரத்தில் பட்டன் அப்படியே இருந்தது. வண்டியைப் பத்தடி தள்ளி நின்று பின்னாலிருந்து பார்த்தால், சக்கரங்களின் மேற்பகுதி உள்ளே சாய்ந்து அடிப்பகுதி அகன்று நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் போகிற வழியில் எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் பின் சீட்டுக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. பட்டை, அதாவது எஃகுத் தட்டுகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங், சோர்ந்துவிட்டது; மூட்டுகளில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் கீழ்ப் புஷ்கள் தேய்ந்துவிட்டன.

இது மதராஸில் செய்த வண்டி. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் இதைத் தயாரித்தது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட், 1959இல் வந்தது. அதன் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோத்தி. அதே சேசிஸைக் குட்டையாக்கி அவர்கள் 1962இல் விட்ட ஸ்போர்ட்ஸ் கார்தான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் பின்பக்க அமைப்பு ஒன்றே. ஹெரால்டின் பின்பக்கத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர் ஸ்பிட்ஃபயருக்கு அடியிலும் தயங்காமல் படுக்கலாம். நமக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. இங்கே 1970களிலேயே நின்றுபோன வண்டிக்கு இன்றும் இங்கிலாந்தில் புதுப் பட்டையும் புஷ்ஷும் கிடைக்கிறதென்றால், அந்த ஸ்போர்ட்ஸ் காரை இன்னும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் இருப்பதால்தான்.

இந்தப் பின்பக்கத்துக்கு நம்மூரில் கெட்ட பெயர். வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. அதனாலேயே ஹெரால்டுக்கு அடுத்து வந்த கெஸல் காரில் கம்பெனி இதைக் கைவிட்டு, அம்பாசடர் மாதிரி ஒரே கட்டையாக ஆக்சில் போட்டது. என் கருத்து வேறு. அமைப்பு எளிமையானது, நல்லது. ஆனால் இதில் எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று புரியாமல் லாரிப் பட்டையைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தால் தப்பாகத்தான் போகும்.

லாரியில் பட்டை நீளவாட்டில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். ஹெரால்டில் ஒரே பட்டைதான், குறுக்கே. அதன் நடுப்பகுதி, இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் தலையில் ஆறு ஸ்டட்களால் இறுக்கப்பட்டிருக்கிறது. டிஃபரன்ஷியல் சேசிஸில் நிலையாக இருக்கும், சக்கரத்தோடு ஆடாது. பட்டையின் இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களின் செங்குத்து லிங்க்குகளைத் தலையில் பிடித்திருக்கின்றன. லிங்க்கின் அடியில், கவைபோல் பிரிந்த இரண்டு காலுக்கு நடுவே பேரிங் ஹவுசிங். அதற்குள் ஓடுகிற அரை ஆக்சில் உள்முனையில், மடங்கிக்கொண்டே சுழலக்கூடிய ஒரு கிராஸ் ஜாயிண்ட்டோடு டிஃபரன்ஷியலில் சேர்கிறது. முன்னும் பின்னும் ஆடாமல் இழுத்துப்பிடிக்க ஒரு ரேடியஸ் ஆர்ம். அவ்வளவுதான் சாமான்.

ஆக, சக்கரத்தை மேலே பட்டை பிடிக்கிறது, கீழே ஆக்சிலே பிடிக்கிறது. கதவு கீலில் ஆடுவதுபோல் சக்கரம் அந்த ஒரே கிராஸ் ஜாயிண்ட்டில் ஆடுகிறது. மேலும் கீழும் போகும்போது நேராகப் போகாது, சாய்ந்துகொண்டே போகும். பட்டை சோர்ந்து வண்டி தாழ்ந்தால் சக்கரம் மேலே உள்ளுக்குச் சாய்கிறது, டயரின் உள் ஓரம் தேய்கிறது. வேகமாக வளைவில் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எதிர்மாறாக நடக்கும்: பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கப் பார்க்கும். இந்த அமைப்பின் மேல் சொல்லப்படும் பழியெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் ஃபோரில், பட்டையின் அடித்தட்டு ஒன்றை மட்டும் இறுக்கி மற்றவற்றைச் சற்றே சாய விட்டு இதைச் சரிசெய்தார்கள். கூடவே, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். அந்தப் பட்டையை ஹெரால்டில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மாட்டவில்லை. பின் சீட்டில் ஆள் ஏற்றுகிற வண்டி, ராமநாதபுரத்துச் சாலையோ பெரும்பாலும் கோடு கிழித்தது மாதிரி. பழைய வகைப் பட்டையே போதும், அது தன் வளைவோடு இருந்தால்.

கடற்கரைக்கு வருகிறேன். இந்த வேலையில் பாதிக்கு மேல் உப்போடுதான் மல்லுக்கட்டல். ஆடிக்காற்றில் தனுஷ்கோடிச் சாலையில் ஒருமுறை போய்விட்டு வந்தால் வண்டியின் கீழ்ப்பக்கம் முழுக்க வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். அரிச்சல்முனை வரை சாலை 2017இல் திறந்த பிறகு வீட்டுக்கு வருகிற விருந்தாளி எல்லோருக்கும் அங்கே போக வேண்டும், நானும் சந்தோஷமாகவே கூட்டிப் போகிறேன். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இருந்தால் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால்தான் நீர்விடும். ஆனால் அதோடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். கல்லுப்பு ஜாடி மழையில்லாத நாளிலும் கசிவது இதனால்தான். பங்குனி வெயிலில் தார் உருகுகிற மதியத்தில்கூட அந்தப் போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் இருக்கிற இரும்பு ஈரத்தில்தான் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றினேன்.

புதுப் பட்டையையும், பட்டைக் கண் புஷ்கள், கீழ்ப் புஷ் செட், கிராஸ்கள், ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி ஆகியவற்றையும் இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரர் வாங்கி அனுப்பினார். பழைய பட்டையை மதுரையில் கொடுத்து வளைவு ஏற்றிக்கொள்ளலாமே என்று பலரும் சொன்னார்கள். நல்ல ஸ்பிரிங் பட்டறையில், சூடேற்றி வளைத்தபின் எண்ணெயில் குளிரவிட்டு மறுபடி பக்குவச் சூடு கொடுக்கிறவர்கள் செய்தால் நிற்கும். நெருப்பில் காட்டி அடித்து அப்படியே ஆறவிட்டால் கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும். பட்டை சுமையை மட்டும் தாங்குகிற வண்டியென்றால் அதையும் பார்த்திருப்பேன். இதில் சக்கரம் நேராக நிற்பதே பட்டையின் கையில் இருப்பதால் புதுசுக்கே போனேன்.

கழற்றுவதற்கு முந்தைய வாரம் முழுக்க டீசலும் கியர் ஆயிலும் கலந்து, கீழே படுத்து எல்லா நட்டுக்கும் பிரஷ்ஷால் பூசிக்கொண்டே வந்தேன். ஸ்பானர் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி முழுக்க இன்ச் நட். அரை ஆக்சிலை டிஃபரன்ஷியலோடு சேர்க்கும் ஃபிளாஞ்சில் ஒன்பதுக்குப் பதினாறு இன்ச் ஸ்பானர், அதாவது 14.3 மில்லிமீட்டர். கையில் இருக்கிற 14 ஏறாது, 15 ஏறி வழுக்கும். துருப்பிடித்த நட்டில் ஒருமுறை வழுக்கினால் முனை போய்விடும், பிறகு உளிதான். இன்ச் செட் ஒன்று இரவலாவது வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்தாயிற்று. இனி வரிசை முக்கியம். இந்த வண்டியில் சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் பிடித்திருப்பது ஷாக் அப்சார்பர்தான். அதை முதலில் கழற்றினால் பட்டை தன் பலத்தோடு எல்லாவற்றையும் கீழே தள்ளும், கை நடுவில் இருந்தால் கதை முடிந்தது. அதனால் லிங்க்குக்கு அடியில் இன்னொரு ஜாக்கியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் ஷாக்கின் கீழ் நட்டைத் தொட வேண்டும். பிறகு பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ரேடியஸ் ஆர்ம். ஆர்மின் முன் பிராக்கெட்டில் தகடுத் துண்டுகள் சொருகியிருக்கும். சக்கரம் நேராகப் பார்ப்பது அந்தத் தகடுகளால்தான். இடது பக்கத்தது, வலது பக்கத்தது என்று தனித்தனியாகக் கம்பியில் கோத்துச் சீட்டுக் கட்டி வைத்தேன். அதன்பின் ஃபிளாஞ்சின் நாலு போல்ட், பட்டைக் கண் போல்ட். ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஆக்சில், ஹவுசிங், பிரேக் டிரம் எல்லாம் ஒரே உருப்படியாகக் கைக்கு வந்துவிடும். மேசையில் போட்டு நின்றுகொண்டே வேலை பார்க்கலாம்.

சக்கரம் மாட்டுகிற ஹப்பை ஆக்சிலிலிருந்து பிரிக்கவில்லை. அது கூம்பு முனையில், தனியாகச் சுழலாமல் பிடிக்கிற சாவித் துண்டு போட்டு ஏற்றியது, இறங்க மறுப்பதில் பெயர் பெற்றது. சாதாரண புல்லர் போட்டு முறுக்கினால் ஹப்பின் ஃபிளாஞ்ச் வளையும். பேரிங்கைச் சுற்றிப் பார்த்ததில் கரகரப்பு இல்லை, ஆட்டம் இல்லை. கிரீஸ் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் நிப்பிள் போட்டு, புது கிரீஸ் ஏற்றியதோடு விட்டேன்.

கீழ் போல்ட்டுக்கு வருவோம். லிங்க்கின் இரண்டு காலையும் ஹவுசிங்கையும் கோத்துக்கொண்டு போகிற நீண்ட போல்ட். அது ஒரு எஃகுக் குழலுக்குள் போகிறது, குழலைச் சுற்றி நைலான் புஷ். நைலானும் குழலும்தான் ஒன்றன்மேல் ஒன்று சுழல வேண்டும். போல்ட்டும் குழலும் துருவில் ஒட்டிப்போனால் போல்ட் வெளியே வராது. உலகம் முழுக்க இந்த வண்டிக்காரர்கள் புலம்புகிற இடம் இதுதான். நம் கடற்கரையில் கேட்கவே வேண்டாம். நட் சமர்த்தாக வந்தது. போல்ட் அசையவில்லை. சுத்தியலால் அடிக்கக் கை வரவில்லை; ஹவுசிங் வார்ப்பு, விரிசல் விட்டால் அதற்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு. வண்டியில் இருக்கும்போதே கேஸ் நெருப்பு காட்டுவதும் ஆகாது, பெட்ரோல் டாங்க் டிக்கியின் ஓரத்தில்தான் இருக்கிறது.

மேசையில் வைத்து, லிங்க்கின் காலுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் உள்ள வாஷர் இடுக்கில் வெறும் ஆக்சா பிளேடை நுழைத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து அறுத்தேன். எண்ணெய் சொட்டுவிட்டு, அவசரப்படாமல், முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி விசைப்படகு இன்ஜின் வேலைக்குப் போகிறவன், எதிரே உட்கார்ந்து மறு பக்கத்தை அறுத்தான். “அண்ணே, படகு ஷாஃப்ட்டுல சாவி மாட்டிக்கிட்டா நாங்க இப்படித்தான் ராவுவோம். அடிச்சா ஷாஃப்ட்டு போயிரும்” என்றான். இரண்டு பக்கமும் அறுந்ததும் லிங்க் தனியாக வந்தது. ஹவுசிங்குக்குள் நின்ற துண்டைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினோம். வெளியே விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். குழலோடு ஒட்டியிருந்த போல்ட்டின் நடுப்பகுதி பளபளவென்று புதிதாகவே இருந்தது. இரண்டு முனையிலும், டஸ்ட் சீல் கிழிந்து உப்புநீர் புகுந்த விரற்கடை அளவில் மட்டும், அரித்துப் பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தது. செதில் செதிலாக உரியும் கறுப்புத் துரு. நைலான் ஒரு பக்கம் முட்டை வடிவமாக இழுபட்டிருந்தது. ‘டொக்’ சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

செட்டில் வந்த நைலான் புஷ் சரியாக இருந்தது, கூட வந்த எஃகுக் குழல்கள் நீளம் குறைவு. குழல் குறைந்தால் நட்டை இறுக்கும்போது லிங்க்கின் கால்கள் புஷ்ஷைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், சுழலாது. கீழக்கரையில் படகு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைகிற லேத்துக்குப் பழைய குழலை எடுத்துக்கொண்டு போனேன். லேத் வைத்திருக்கும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அதை வெர்னியரில் பிடித்துப் பார்த்துவிட்டு முதலில் குழலைப் பற்றிப் பேசவே இல்லை, நைலானைத்தான் கேட்டார்.

“இந்த நைலானை எங்க மாட்டப் போறீய? தண்ணி படுற எடமா?”

“அடியிலதான் காக்கா. மழைத்தண்ணி, கடத்தண்ணி எல்லாம் படும்.”

“அப்ப இது குடிச்சி வீங்கும். இன்னைக்கி லேசாச் சுத்தும், ஐப்பசி மழை பேஞ்சா இறுகிப் போகும். படகுல நாங்க பட்ட பாடு இது. டெல்ரின்ல அடிச்சித் தாறேன், அது குடிக்காது.”

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. நைலான் 6 நீரில் ஊறினால் தன் எடையில் ஒன்பது சதவீதம் வரை உறிஞ்சும். டெல்ரின் வேறு வகைப் பிளாஸ்டிக், ஒரு சதவீதத்தைத் தொடாது. உறிஞ்சிய நீருக்கு ஏற்ப அளவும் பெருக்கும். டெல்ரின் புஷ்ஷையே கடையச் சொன்னேன். குழலுக்கு அவர் 316 ஸ்டெயின்லெஸ் படகு ஷாஃப்ட் துண்டு ஒன்றைக் காட்டி, “இதுல போட்டா ஒங்க பேரப்புள்ள காலத்துக்கும் துருப்பிடிக்காது” என்றார். அங்கேதான் நான் மறுத்தேன். குழல் ஸ்டெயின்லெஸ், போல்ட் சாதாரண எஃகு, நடுவில் உப்புநீர் என்றால் குழல் அப்படியே இருக்கும், போல்ட்தான் முன்னைவிட வேகமாக அரிக்கும். படகின் அடியில் ஜிங்க் கட்டி அடிப்பது, அது முதலில் அரிந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றத்தான் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு நொடி யோசித்துவிட்டு, “சரிதான், போல்ட்டு ஜிங்க்கு வேலை பாக்கும்” என்றார். போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ்ஸாகப் போட்டால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். கடையில் கிடைக்கிற ஏ2-70 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் 450 மெகாபாஸ்கலில் இழுபடத் தொடங்கிவிடும், 8.8 ரக எஃகு போல்ட் 640 வரை தாங்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கிற போல்ட்டில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. எஃகுக் குழல், 8.8க்கு ஏறக்குறைய இணையான, தலையில் மூன்று கோடு போட்ட கிரேடு 5 இன்ச் போல்ட், நடுவில் இடைவெளியே இல்லாமல் படகுக்காரர்கள் போடுகிற நீர் தாங்கும் கிரீஸ். இதுதான் முடிவு.

பட்டையை எடுக்கப் பின் சீட்டைக் கழற்றி, அதன் பின்னால் உள்ள மூடித் தகட்டைத் திறக்க வேண்டும். கீழே டிஃபரன்ஷியலின் தலையும் ஆறு நட்டும் தெரியும். உப்புக்காற்று இங்கே அதிகம் எட்டவில்லை போலும், எல்லாம் மரியாதையாக வந்தன. ஸ்டட்களில் இரண்டு நட்டைச் சேர்த்துப் பூட்டி அவற்றையும் கழற்றிவிட்டால் பட்டையைச் சக்கர இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் உருவிவிடலாம். உருவுவதற்கு முன் முன்பக்கம் எது என்று பழைய பட்டையில் பஞ்ச் அடித்துக் குறித்துக்கொண்டேன். பழையதையும் புதியதையும் தரையில் அடுத்தடுத்துப் போட்டபோது வளைவின் வித்தியாசம் பார்த்து அசந்துபோனேன். பழையது பாதி நிமிர்ந்தே போயிருந்தது. தட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க அவற்றின் நுனிகளில் வைத்திருந்த பட்டன்கள் கரைந்து, இரும்போடு இரும்பு உரசிப் பள்ளம் விழுந்திருந்தது.

எல்லாம் வெளியே இருக்கும்போது கீழ்ப்பக்கத்தைக் கழுவினோம். எங்கள் தெருவில் போர்த் தண்ணீர் நாக்கில் வைத்தாலே கரிக்கும். அதில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம். காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற அன்று டிரம்மில் பிடித்து வைத்து, முதலில் ஊறவிட்டு, பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, கடைசியாக ஒரு அலசல். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்ற மனசு கேட்கவில்லைதான். ஆனால் துருவுக்குள் உப்பை வைத்துக்கொண்டு மேலே பெயிண்ட் அடித்தால் அது உள்ளேயே வேலையைத் தொடரும். காய்ந்ததும் கம்பி பிரஷ், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி, ஜிங்க் பிரைமர், அதன்மேல் எபாக்சி. வாடைக்காற்று நேரத்தில் பெயிண்ட் அடிக்காதீர்கள். அடித்த பரப்பில் ஈரம் படிந்து பால் கோத்ததுபோல் வெளுக்கும்.

ஆக்சில்கள் மேசையில் இருக்கும்போதே கிராஸ்களை மாற்றிவிட்டேன். பழையதில் பெரிய ஆட்டம் இல்லை. ஆனாலும் மற்ற வண்டிகளில் கிராஸ் தேய்ந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். இதில் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடாமல் பிடித்திருப்பதே அந்தக் கிராஸ். அது விட்டால் சக்கரம் வண்டியைவிட்டுப் போகப் பார்க்கும். இந்த வேலையில் பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வேறு எங்கே வேண்டுமானாலும் பிடிக்கட்டும், இங்கே வேண்டாம்.

மாட்டுவது பெரும்பாலும் கழற்றியதன் மறுதலை. பட்டையின் நடுவை இறுக்கி, லிங்க்கைப் பட்டைக் கண்ணில் தொங்கவிட்டு, ஃபிளாஞ்சைச் சேர்த்தாயிற்று. புதுப் பட்டை கீழ்நோக்கி நன்றாக வளைந்திருப்பதால் ஷாக் அப்சார்பர் எட்டாது. லிங்க்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்கினால் பட்டை மசிவதற்குள் வண்டியே ஸ்டாண்டைவிட்டு எழும்பும். டிக்கியில் ஆற்றுமணல் மூட்டை இரண்டை ஏற்றியபிறகுதான் பட்டை வழிக்கு வந்தது.

எந்த ரப்பர் புஷ்ஷிலும் கடைசி இறுக்கை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது கொடுக்கக் கூடாது. பட்டைக் கண்ணில் இருக்கிற ரப்பர் உள்ளே குழலோடும் வெளியே கண்ணோடும் பிடித்து நின்று, முறுக்கிக் கொடுத்துத்தான் வேலை செய்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியவுடனே அது முறுகிய நிலையிலேயே நிற்கும். சீக்கிரமே கிழியும், வண்டியும் தூக்கலாக நிற்கும். நட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு விட்டு, சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, மணல் மூட்டையோடு தம்பியையும் அவன் கூட்டாளியையும் பின் சீட்டில் உட்காரவைத்து, அப்படியே கீழே படுத்து இறுக்கினேன். ரேடியஸ் ஆர்ம் புஷ்களுக்கும் இதே முறை. அந்தப் பட்டைக் கண்ணுக்குப் பாலியூரிதேன் புஷ் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அது முறுகாது, உரசித்தான் சுழலும். மணலும் உப்பும் பறக்கிற ஊரில் உரசுகிற இடத்தை நானாகக் கூட்டுவானேன் என்று ரப்பரிலேயே நின்றேன்.

பிரேக்கில் காற்று எடுத்து, தகடுகளைப் பழையபடி சொருகி, இரண்டு பக்கமும் கொத்தனார் மட்டநூல் கட்டிச் சக்கரம் நேராகப் பார்க்கிறதா என்று அளந்தேன். வலது பக்கம் ஒரு தகடு குறைக்க வேண்டியிருந்தது.

புதுப் பட்டை மாட்டிய ஹெரால்ட் முதலில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, சக்கரங்கள் மேலே வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து பட்டையில் ஒரு தட்டை உருவிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சுமையோடு ஓடினால் தானாக அமரும். அமரும்வரை வளைவில் அடக்கமாகப் போனால் போதும், ஏனென்றால் சக்கரம் மடங்குகிற குணம் வண்டி உயரமாக நிற்கும்போதுதான் அதிகம்.

முதல் ஓட்டத்துக்குப் பாம்பன் பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1988இல் திறந்த சாலைப் பாலம். அதன் இணைப்புப் பட்டைகள் ஒவ்வொன்றும் இந்த வண்டியின் பின்பக்கத்துக்கு ஒரு கேள்வி. முன்பெல்லாம் ஒவ்வொரு இணைப்பிலும் சீட்டுக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்று பதில் வரும். இப்போது டயரின் ‘தப்’ மட்டும்தான். கச்சான் காற்று பக்கவாட்டில் அறைந்துகொண்டிருந்தது. முன்பு அந்தக் காற்றில் வண்டி ஓரடி நகரும், ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். இப்போது தள்ளினாலும் தன் கோட்டுக்கே திரும்பி வந்தது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி, வலது பக்கம் புதிய ரயில் பாலத்தைப் பார்ப்பதா இடது பக்கம் கடலைப் பார்ப்பதா என்று தலையைத் திருப்பிக்கொண்டே, “அண்ணே, சத்தமே இல்ல” என்று இரண்டு தரம் சொன்னான்.

ஐநூறு கிலோமீட்டர் ஓடியபின் பட்டையின் ஆறு நட்டையும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளையும் மறுபடி பார்த்தேன். பட்டை நட்டுகளில் இரண்டு கால் சுற்று வாங்கின, மற்றவை அசையவில்லை. வண்டி அமர்ந்துவிட்டது, பின்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் ஆளில்லாதபோது கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன. கீழ் போல்ட்டை ஒவ்வொரு வருடமும் ஆடிக்காற்று முடிந்ததும் உருவி, துடைத்து, புது கிரீஸோடு திரும்ப மாட்டுவதாக முடிவு. அடுத்து முன்பக்கம். அங்கே சக்கரம் திரும்புவதற்கான கீழ் மூட்டாக இருக்கும் டிரன்னியனுக்குக் கிரீஸ் ஆகாது, ஈபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். இதற்கு முன் வைத்திருந்தவர்கள் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று கழற்றினால்தான் தெரியும்.